பேப்பர் இல்லாமல் பைக்கின் மூளையைத் தொட விடாதீங்கோ

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வொறன்ரி ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சைக்கிளுக்கு, அதைத் தயாரித்த கொம்பனி தருகிற என்ஜின் மென்பொருள் அப்டேட்டைச் செய்யத்தான் வேணும். கராஜில் காசு கொடுத்து அடிக்கிற 'ரீமாப்', 'ஸ்டேஜ் 1', 'ரியூனிங்' எதையும் அந்தக் காலத்துக்குள் செய்யக்கூடாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கிறது. என்ன மாற்றினோம் என்று எழுத்தில் தராத ஒருவரையும் உங்கட பைக்கின் ஈசியூவைத் தொட விடக்கூடாது. அவர் கொம்பனி யூனிபோம் போட்டிருந்தாலும் சரி, உங்கட ஒன்றுவிட்ட அண்ணனாக இருந்தாலும் சரி.

இதில் சண்டை பிடிக்க என்ன இருக்கு என்று நினைப்பீர்கள். இருக்கு. எங்களைச் சுற்றி மூன்று கதைகள் ஓடித்திரிகின்றன. மூன்றும் பெடியளின் காசைத் தின்கின்றன.

முதலாவது கதை சந்தியில் நடப்பது: "கொம்பனி அப்டேட் அடிச்சா பைக்கின்ர இழுவை செத்துப்போம் மச்சான், விடாத." இரண்டாவது கராஜில் நடப்பது: "ஸ்டேஜ் 1 அடிச்சா பறக்கும். வொறன்ரிக்கு ஒண்டும் ஆகாது, அவங்களுக்குத் தெரியவே வராது." மூன்றாவது ஏஜென்டின் கவுண்டரில் நடப்பது: "அதெல்லாம் உங்களுக்கு விளங்காது தம்பி, நாங்க பாத்துக்கொள்ளுவம்." மூன்றிலும் ஒரே பழக்கம்தான். பைக் வாங்கினவன் கேள்வி கேட்கக்கூடாது, நம்ப வேணும். நாங்கள் கேட்கச் சொல்கிறோம்.

ஏன் இப்ப?

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருடம். அந்த இடைவெளிக்குள் நாங்கள் பெரும்பாலும் பைக் வாங்குகிற இந்தியாவில் ஒரு பெரிய மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் அங்கே பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தது. அந்த விதிக்குள் நிற்பதற்காகச் சின்ன பைக்குகளிலும் பல, காபரேற்றரை விட்டு ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின.

எங்கட அண்ணாமாருக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. அவர்களின் பைக்குக்கு மூளை எண்டு ஒன்று இருந்தது, அது கராஜ்காரரின் கையில் இருந்த சின்ன ஸ்குரூட்றைவர். ஐட்லிங் கூடினால் ஒரு சுற்று, குறைந்தால் அரைச் சுற்று. இப்ப அந்த ஸ்குரூ இருந்த இடத்தில் சீற்றுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்துக் கராஜுக்கும் தெரியாது. தெரிந்தது கொம்பனிக்கும், கொம்பனியின் கருவி வைத்திருக்கிற ஏஜென்டுக்கும் மட்டும்தான்.

இன்னொரு பக்கம் லீசிங். கைக்காசு கட்டிப் பைக் எடுப்பவர்கள் எங்கட வயதில் எத்தனை பேர்? மாதாமாதம் கட்டுகிறோம். பைக் ஓடினாலும் கட்ட வேணும், கராஜில் படுத்திருந்தாலும் கட்ட வேணும். அந்தப் பைக்கில்தான் சாப்பாடு டிலிவரி ஓடுகிறான், அந்தப் பைக்கில்தான் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வேலைக்குப் போகிறாள். என்ஜின் ஒன்று போனால் இழப்பது ஒரு விளையாட்டுச் சாமானை இல்லை. இரண்டு மூன்று வருடச் சம்பளத்தின் ஒரு பங்கை. அதனால்தான் வொறன்ரி என்ற அந்தச் சின்னப் புத்தகம் எங்களுக்குப் பெரிய விசயம்.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

சுருக்கமாகச் சொல்கிறோம். ஈசியூவுக்குள் சில அட்டவணைகள் இருக்கின்றன. ஒரு பக்கம் என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, மறுபக்கம் திரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு இலக்கம். இன்ஜெக்ரர் எத்தனை மில்லிசெக்கன் திறக்க வேணும் என்பதை அது சொல்லும். இன்னொரு அட்டவணை, பிஸ்டன் மேலே வந்து சேர எத்தனை பாகைக்கு முன்னர் பிளக் பொறி தட்ட வேணும் என்று சொல்லும். வெப்பம், காற்றழுத்தம், ஒட்சிசன் சென்சர் எல்லாம் தருகிற தகவலை வைத்து ஈசியூ இந்த இலக்கங்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். நான்கு அடிப்பு என்ஜின் நிமிடத்துக்கு 7250 சுற்றில் ஓடும்போது, செக்கனுக்குக் கிட்டத்தட்ட 60 தடவை இந்த முடிவை எடுக்கிறது.

பெற்றோல் முழுதாக எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேணும். புகையைச் சுத்தமாக்குகிற கற்றலைசர் வேலை செய்வதும் இந்த அளவுக்குக் கிட்ட நின்றால்தான். ஆனால் கூடிய வலு வருவது பெற்றோல் கொஞ்சம் கூடின கலவையில், 12.5 முதல் 13 வரை. கொம்பனி இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம் செய்து வைத்திருக்கிறது. அதே அட்டவணையோடு அந்தப் பைக் வவுனியா வெயிலில் சிக்னலில் நிற்க வேணும், 1800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவுக்கு இரண்டு பேரோடு ஏற வேணும், 92 ஒக்டேன் பெற்றோலில் வருடக்கணக்காக ஓட வேணும். கொம்பனி விட்டுவைத்த 'மிச்சம்' என்று கராஜில் சொல்கிறார்களே, அந்த மிச்சம் சும்மா விட்டது இல்லை. உங்கட பிஸ்டனுக்கு விட்ட பாதுகாப்பு இடைவெளி அது.

கொம்பனி அப்டேட்: பயத்தில் பாதி நியாயம்

கொம்பனி அப்டேட்டை ஏன் செய்யச் சொல்கிறோம்? பைக்கை விற்ற பிறகுதான் கனக்கக் கோளாறு வெளியில் வரும். காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகப் பிடிவாதம், மெதுவாக வரும்போது திடீரென்று நின்றுபோவது, கோளாறே இல்லாமல் எரிகிற மஞ்சள் விளக்கு. இதில் பலவற்றுக்குப் பார்ட்ஸ் மாற்றத் தேவையில்லை, அட்டவணையில் திருத்தினால் போதும். மெயின் ரோட்டில் பின்னால் லொறி வரும்போது பைக் நின்றுபோவதை 'சின்னக் கோளாறு' என்று சொல்லிக்கொண்டு திரிய ஏலாது.

காரில் ஒரு உதாரணம். 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க 19 இலட்சம் பிரியஸ் கார்களைத் திருப்பி அழைத்தது. கைபிரிட் பகுதியைக் கட்டுப்படுத்துகிற மென்பொருள் அமைப்பால் சில ட்ரான்சிஸ்டர்கள் அளவுக்கு மிஞ்சிச் சூடாகலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே கார் வலுவிழக்கலாம், நின்றும் போகலாம் என்பது காரணம். திருத்தம் மென்பொருள் அப்டேட். பிரியஸ் எங்கட ரோட்டிலும் ஓடுகிற கார்தான். "அப்டேட் அடிச்சா இழுவை குறையும்" என்று அந்தக் காரை அப்படியே விட்டவர் எதைக் காப்பாற்றியிருப்பார்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அதையும் மறைக்க மாட்டோம். 2018 ஒக்டோபரில் டொயோட்டா 24 இலட்சம் கைபிரிட் கார்களை மீண்டும் அழைத்தது. முதலில் செய்த திருத்தம் ஒரு நிலைமையை எதிர்பார்க்கவில்லை. பாதுகாப்பு நிலைக்குப் போய் மெதுவாக ஓட வேண்டிய கார் முழுதாக நின்றுவிடலாம் என்று தெரிந்தது. அதாவது கொம்பனியின் அப்டேட்டும் பிழைக்கும். அதை எழுதுவதும் மனிசர்தான்.

பிழை ஒரு பக்கம், களவு இன்னொரு பக்கம். 2015 இல் பிடிபட்ட ஃபொக்ஸ்வாகன் விவகாரத்தில், பரிசோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாகப் புகை விடச் சொல்லும் மென்பொருள் உலகம் முழுக்க ஏறக்குறைய 1 கோடி 10 இலட்சம் கார்களில் இருந்தது. 2020 பெப்ரவரியில் பிரான்சில் அப்பிள் கொம்பனிக்கு 2 கோடி 50 இலட்சம் யூரோ தண்டம் விழுந்தது. பழைய ஐபோன்களை ஒரு அப்டேட் மெதுவாக்கலாம் என்பதைப் பாவனையாளருக்குச் சொல்லவில்லை என்பதே அங்கே குற்றம். கவனியுங்கோ, பற்றரி பழசான போன் சட்டென்று நின்றுவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று கொம்பனி சொன்னது. காரணம் நல்லதாகவே இருக்கட்டும். சொல்லாமல் செய்ததற்குத்தான் தண்டம்.

ஆகவே சந்தியில் கதைக்கிற பெடியனின் பயத்தில் பாதி நியாயம் இருக்கு. அப்டேட்டுக்குப் பிறகு பைக் வேறமாதிரி ஓடலாம். புகையைக் குறைக்க இழுவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பயத்திலிருந்து அவன் எடுக்கிற முடிவுதான் பிழை. அப்டேட்டை மறுத்துவிட்டு ஓடினால், நாளைக்கு அதே கோளாறால் என்ஜின் போகும்போது "நாங்கள் கூப்பிட்டோம், இவர் வரவில்லை" என்று ஏஜென்ட் சொல்லுவார். அந்த வசனத்தை நீங்களே அவரின் வாயில் வைக்காதீங்கோ. அப்டேட்டைச் செய்யுங்கோ, ஆனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கோ.

எங்கட கூட்டத்தில் ஒருவரின் பைக் இலவச சேர்விஸ் ஒன்றுக்குப் போய் வந்தது. வந்த பிறகு ஐட்லிங் வேறமாதிரி, திரொட்டில் திறக்கும்போது இருந்த திக்கலும் இல்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஸ்கான் பண்ணினது." பில்லில் ஒயில், பில்ரர், கழுவினது என்று மூன்று வரி. இரண்டு கிழமை அலைந்த பிறகுதான் "ஒரு புது கலிபிரேஷன் வந்தது, போட்டு விட்டது" என்று வாயால் சொன்னார்கள். மாற்றம் நல்ல மாற்றம்தான், அதில் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் நாளைக்கு அந்தப் புது கலிபிரேஷனால் ஒரு கோளாறு வந்தால், அது போடப்பட்டதற்கு எங்களிடம் என்ன சாட்சி இருக்கு? கழுவினதை எழுதத் தெரிந்தவர்களுக்கு, மூளையை மாற்றினதை எழுத ஏன் கை வரவில்லை?

ஸ்டேஜ் 1: கணக்குப் பார்ப்போம்

இப்ப கராஜ் பக்கம் வருவோம். யமஹா எஃப்ஸீ பைக்கை எடுங்கோ, எங்கட பெடியளுக்குத் தெரிந்த பைக். 149 சிசி, பாரத் ஸ்டேஜ் 6 வடிவத்தில் 7250 சுற்றில் 12.4 குதிரைவலு. ரர்போ இல்லாத, வேற ஒன்றும் மாற்றாத இப்படி ஒரு சின்ன என்ஜினில் ரீமாப்பால் 5 வீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 5 வீதம் எவ்வளவு? 0.62 குதிரைவலு. ஒரு முழுக் குதிரையும் இல்லை. அதுவும் 7250 சுற்றுக்குக் கிட்டப் போனால்தான். கஸ்தூரியார் வீதி நெரிசலில் அந்தச் சுற்றுக்குப் போகிறவனை நாங்கள் இன்னும் காணவில்லை.

இன்னொரு விதமாகப் பாருங்கோ. பைக்கும் நீங்களும் சேர்ந்து 200 கிலோ என்றால், பின்னால் இருக்கிற 60 கிலோ நண்பனோடு 260. அவனை இறக்கிவிட்டால் அந்த ரீமாப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் மிச்சம். ரயருக்குச் சரியாகக் காற்று அடித்து, செயினை இழுத்து ஒயில் விட்டு, காற்று பில்ரரை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். அதுக்கு வொறன்ரி போகாது.

சரி, அந்த 0.62 எங்கிருந்து வருகிறது? பெற்றோலைக் கூட்டுகிறார்கள், அல்லது பொறியை முன்னால் தள்ளுகிறார்கள், அல்லது சுற்று எல்லையை உயர்த்துகிறார்கள். பெற்றோலைக் கூட்டினால் லீற்றருக்கு ஓடுகிற தூரம் குறையும். 2022 இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்ற சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. காபன் மொனொக்சைட்டும் கூடும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பார்ப்பது அதைத்தான், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. பொறியை முன்னால் தள்ளினால், ஒக்டேன் குறைந்த பெற்றோலில் என்ஜின் 'நொக்' அடிக்கும். பெரிய கார்களில் அதைக் கேட்டுப் பொறியைப் பின்னுக்கு இழுக்க நொக் சென்சர் இருக்கும். சின்ன பைக்குகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. அடி முழுக்கப் பிஸ்டனுக்குத்தான் விழும். சுற்று எல்லையை உயர்த்தினால், அந்த வேகத்துக்குக் கணக்குப் போடாத வால்வு ஸ்பிரிங்கை நம்பி ஓடுகிறீர்கள்.

எங்களுக்குத் தெரிந்த டிலிவரி ஓடுகிற தம்பி ஒருவனுக்கு இதுதான் நடந்தது. புதுப் பைக், ரீமாப், சில மாதம் சந்தோசம். ஒரு நாள் ஏ9 வீதியில் என்ஜின் இறுகி நின்றது. ஏஜென்ட் ஸ்கான் பண்ணிப் பார்த்துவிட்டு வொறன்ரி இல்லை என்றார். கராஜ்காரர் "நாங்க மென்பொருள்தான் போட்டது, பிஸ்டன் எங்கட இல்லை" என்றார். இரண்டு பேரும் கையைக் கழுவினார்கள். லீசிங் கொம்பனி மட்டும் ஒழுங்காகக் கோல் எடுத்தது.

"அவங்களுக்குத் தெரிய வராது"

இந்த ஒரு வசனத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

ஈசியூவில் இருக்கிற மென்பொருளுக்கு ஒரு கலிபிரேஷன் இலக்கம் உண்டு. பல ஈசியூக்களில் அதோடு ஒரு சரிபார்ப்பு இலக்கமும் உண்டு. அட்டவணையில் ஒரு கட்டத்தை மாற்றினாலும் இந்தச் சரிபார்ப்பு இலக்கம் மாறிவிடும். பில்லின் கூட்டுத்தொகை மாதிரி எண்டு நினையுங்கோ. ஏஜென்டின் கருவியைச் செருகினால் இரண்டையும் வாசிக்கலாம். "சேர்விசுக்கு முதல் பழைய ஃபைலைத் திருப்பிப் போட்டு விடுறன்" என்பார்கள். சில ஈசியூக்கள் எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதையும் எண்ணி வைத்திருக்கும். ஏஜென்ட் போட்ட தடவைக்கும் அந்த எண்ணுக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் கேள்வி வரும். ஃபைலைத் திருப்பிப் போடலாம், ஆனால் சூட்டில் உருகின பிஸ்டன் தலையைத் திருப்பிப் போட ஏலாது.

சிலர் ஈசியூவைத் தொடாமல் வயரில் இடையில் ஒரு பெட்டி பொருத்துவார்கள், 'பிக்கிபேக்' என்று. கழற்றினால் அடையாளம் இல்லை என்பார்கள். என்ஜினுக்குள் நடந்த தேய்மானத்துக்கு அந்தப் பெட்டி இருந்ததா கழற்றினதா என்று தெரியாது.

இன்னொன்றும் யோசியுங்கோ. நீங்கள் காசு கொடுத்து ரீமாப் அடித்த பிறகு கொம்பனி ஒரு அப்டேட் வெளியிடுகிறது. ஏஜென்ட் அதைப் போட்டால் உங்கட ரீமாப் அழிந்துவிடும். போட விடாவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் உங்களுக்கு இல்லை. இந்தச் சிக்கலுக்கு நீங்கள்தான் காசு கட்டினீர்கள்.

"எங்கட பைக், எங்கட உரிமை"

எதிர்வாதங்களில் நாங்கள் மதிக்கிற வாதம் இது ஒன்றுதான். வாங்கின சாமானைத் திறந்து பார்க்க, திருத்த, மாற்ற உரிமை வேணும். ஓம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் முதலில் பைக்கின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கோ. லீசிங்கில் எடுத்திருந்தால் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் உங்கட பெயர் இருக்காது. அடுத்தது, திருத்துகிற உரிமை வேற, உங்கட திருத்தத்தின் விளைவுக்கு இன்னொருவரிடம் காசு கேட்கிற உரிமை வேற.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனுக்கு நடந்த இரண்டு சம்பவங்கள் உதவும். 2016 ஓகஸ்ட்டில் அந்தக் கொம்பனி 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது. காரணம், கொம்பனியே விற்ற ஏறத்தாழ 3 இலட்சத்து 40 ஆயிரம் ரியூனர் கருவிகள். அனுமதி பெற்ற அளவைவிடக் கூடப் புகை விட அவை வழிசெய்தன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் பிடித்தது. விற்காமல் கடைகளில் கிடந்தவற்றைத் திருப்பி வாங்கி அழிக்க வேண்டி வந்தது. 2022 ஜூனில் அதே கொம்பனிமேல் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. இந்தத் தடவை காரணம் நேர் எதிர். வெளிப் பார்ட்ஸ் போட்டால் வொறன்ரி போகும் என்று வாங்கினவர்களை மிரட்டக்கூடாது, வெளிக் கராஜில் சேர்விஸ் செய்தாலும் வெளிப் பார்ட்ஸ் போட்டாலும் வொறன்ரி போகாது என்று எழுதித் தர வேணும் என்பது உத்தரவு. அங்கே அதற்கு 1975 முதல் சட்டம் இருக்கிறது.

புகை கூட்டுகிற ரியூனருக்கு மறுப்பு, சுயாதீனக் கராஜுக்கு அனுமதி. எங்கட நிலைப்பாடும் இதுதான்.

ஆகவே ஏஜென்ட்மாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கு. அந்த டிலிவரித் தம்பியின் என்ஜினை மறுத்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே நாளில் முன் போர்க்கில் ஒயில் கசிகிறது என்று காட்டினபோது, அதற்கும் "வொறன்ரி கான்சல்" என்றார்கள். போர்க் சீலுக்கும் ஈசியூவுக்கும் என்ன சொந்தம்? மாற்றம்தான் பழுதுக்குக் காரணம் என்று சொல்கிறவர் அதைக் காட்ட வேணும், முழு வொறன்ரியையும் ஒரே கோட்டில் வெட்டக்கூடாது. வொறன்ரி ஏஜென்ட் தருகிற தருமம் இல்லை. நாங்கள் கட்டின விலைக்குள் அது இருக்கிறது. விற்கிற பொருள் அதன் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேணும் என்பது இந்த நாட்டில் 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிற கருத்து. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும் இருக்கிறது, 1977 என்று அடித்தால் கிடைக்கும்.

எங்கட கராஜ் அண்ணாமார் மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை. பார்ட்ஸ் இல்லாத அந்த ஐந்து வருடமும் எங்கட பைக்குகளை ஓட வைத்தது அவர்கள்தான். கோளாறு பார்க்கிற கருவியையும் தகவலையும் கொம்பனிகள் பூட்டி வைத்திருப்பதால்தான், அவர்களில் சிலர் எங்கிருந்தோ வந்த ஃபைலை நம்பி வேலை செய்ய வேண்டியிருக்கு. அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான போராட்டம். 'ஸ்டேஜ் 1' அந்தப் போராட்டம் இல்லை.

என்ன கேட்க வேணும்?

அப்டேட் என்று சொன்ன உடனே திறப்பைக் கொடுக்காதீங்கோ. இந்த ஐந்தையும் கேளுங்கோ:

1. இப்ப இருக்கிற கலிபிரேஷன் இலக்கம் என்ன, போடப்போவது என்ன?
2. எந்தக் கோளாறைத் திருத்த இது வந்தது?
3. இழுவை, பெற்றோல் செலவு, ஐட்லிங் இவற்றில் என்ன மாறும்?
4. இது வொறன்ரிக்குள் இலவசமா?
5. போடும்போது ஈசியூ பழுதானால் புதியது தருவீர்களா?

ஐந்தாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீங்கோ. எழுதிக்கொண்டிருக்கும்போது பற்றரி இறங்கினால் ஈசியூ செத்துப்போகலாம். பற்றரி பலவீனம் என்றால் முதலே சொல்லி, சார்ஜரில் போட்டுச் செய்யச் சொல்லுங்கோ.

பதில்களை ஜொப் காட்டில் எழுதி, மீற்றர் கிலோமீற்றரும் திகதியும் போட்டு, சீல் குத்தித் தரச் சொல்லுங்கோ. அதைப் போனில் படம் எடுத்து வையுங்கோ. அப்டேட்டுக்கு முதல் இரண்டு டாங் பெற்றோலுக்கு எவ்வளவு ஓடியது என்று குறித்து வையுங்கோ, பிறகும் அதையே செய்யுங்கோ. "முந்தி நல்லா இழுத்தது" என்று சொன்னால் ஏஜென்ட் சிரிப்பார். "முந்தி லீற்றருக்கு இவ்வளவு, இப்ப இவ்வளவு" என்று கொப்பியைக் காட்டினால் சிரிக்க மாட்டார். எழுதித் தர மறுத்தால் மறுத்தார்கள் என்பதையே திகதியோடு கொம்பனிக்கு ஈமெயில் போடுங்கோ. அதற்கும் பதில் இல்லாவிட்டால் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. நாள் கடத்தாதீங்கோ.

வொறன்ரி முடிந்து, லீசிங்கும் முடிந்து, புத்தகத்தில் உங்கட பெயர் வந்த பிறகு ரீமாப் செய்யத்தான் வேணும் என்றால் செய்யுங்கோ, அது உங்கட விருப்பம். அப்பவும் பழைய ஃபைலைக் கையில் வாங்கி வையுங்கோ, கலவையை அளந்து பார்த்துச் செய்கிற ஆளிடம் போங்கோ, பிறகு புகைப் பரிசோதனையில் நின்று காட்டுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு வருத்தம் இருக்கிற ஒழுங்கையில் உங்கட 0.62 குதிரைவலுவின் புகையைக் கக்கிக்கொண்டு போக உங்களுக்கு உரிமை இல்லை.

ஏஜென்ட்மாரிடமும் இறக்குமதியாளர்களிடமும் நாங்கள் கேட்பது மூன்று. எந்த மென்பொருள் மாற்றத்தையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கோ, பில்லில் ஒரு வரி எழுதுங்கோ. எந்த மாற்றத்துக்கு வொறன்ரியின் எந்தப் பகுதி போகும் என்பதைத் தனித்தனியாகப் போடுங்கோ, ஒட்டுமொத்தமாக வெட்டாதீங்கோ. மூன்றாவது, வொறன்ரிப் புத்தகத்தைத் தமிழிலும் தாருங்கோ. நாங்கள் கையில் எடுத்துப் பார்த்த புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. விளம்பரப் பதாகையைத் தமிழில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு நிபந்தனையையும் தமிழில் அடிக்க ஏலும்.

இதை வாசிக்கிறவர்களில் கனபேருக்கு அடுத்த சேர்விஸ் இந்த மாதமோ வாற மாதமோ வரும். அந்த ஐந்து கேள்வியையும் கேட்டுப் பாருங்கோ. என்ன பதில் வந்தது, எழுதித் தந்தார்களா என்று எங்களுக்கு அனுப்புங்கோ. இருபது முப்பது ஜொப் காட் சேர்ந்தால், அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்துக் கதைக்க நாங்கள் ரெடி.